யாரும் இல்லாத ஊர்

1974 மார்ச் 26ஆம் தேதி காலை, இமயமலையில் உள்ள ரைணி என்ற சிறு கிராமத்தில் ஆண்கள் எவரும் இல்லை. சமோலிக்கு வரச்சொல்லி அவர்களுக்கு அரசிடமிருந்து அழைப்பு வந்திருந்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவம் எடுத்துக்கொண்ட நிலங்களுக்கான இழப்பீடு, பல ஆண்டுகள் இழுத்தடிக்கப்பட்டபின், அன்றுதான் கொடுக்கப்படும் என்று சொல்லப்பட்டது. நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர்கள் போனார்கள். அந்த ஊர் மக்களோடு சேர்ந்து வேலை செய்துவந்த சண்டி பிரசாத் பட், வனத்துறை அதிகாரிகளுடனான சந்திப்புக்காகக் கோபேஷ்வரில் இருந்தார். அதே நாளில்தான் மரம் வெட்டும் கூலியாட்கள் ரைணிக் காட்டை நோக்கி அனுப்பப்பட்டார்கள். ஊர் காலியாக இருக்கிறது, தடுக்க யாரும் இல்லை என்பது கணக்கு.

ஊர் காலியாக இல்லை. பெண்கள் இருந்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். பள்ளிப் பாடநூலில் ஒரு பத்தி, மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கும் பெண்களின் படம், ‘சிப்கோ இயக்கம்’ என்ற தலைப்பு, இரண்டு மதிப்பெண் வினா. அந்தப் பெண்கள் என்ன சாப்பிட்டார்கள், எதை விற்றார்கள், நிலம் யார் பெயரில் இருந்தது, அடுப்புக்கு விறகு எங்கிருந்து வந்தது என்று அந்தப் பத்தி சொல்வதில்லை. மரத்தின் மீது பெண்களுக்கு இயல்பாகவே பாசம் உண்டு என்பதுபோல அது முடிந்துவிடுகிறது. ஒரு சிறிய பழங்குடிக் கிராமத்தின் மக்களையும் பிழைப்பையும் முன்னால் வைத்துக்கொண்டு அந்த நாளைத் திரும்பிப் பார்த்தால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. அரசின் பதிவேடுகளில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதன் வரலாறு அது.

*

ரைணி, இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், ஜோஷிமட்டிலிருந்து திபெத் எல்லையை நோக்கிப் போகும் நீதி பள்ளத்தாக்கில் இருக்கிறது. நந்தாதேவி சிகரத்தைச் சுற்றியுள்ள பனிமலைகளிலிருந்து வரும் ரிஷிகங்கை, தௌலிகங்கையோடு சேரும் இடம் அது. செங்குத்தான சரிவில் சில பத்து வீடுகள். அங்கே வாழ்பவர்கள் போட்டியா மக்கள். அவர்களுள் தோல்ச்சா என்ற பிரிவினர். 1967இல் அன்றைய உத்தரப் பிரதேசத்தின் பட்டியல் பழங்குடிகளில் போட்டியாக்கள் சேர்க்கப்பட்டார்கள்.

பழங்குடி என்றதும் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் காட்டுக்குள் வாழ்ந்தவர்கள் என்று ஒரு சித்திரம் நம் மனதில் எழும். போட்டியாக்களுக்கு அது பொருந்தாது. நூற்றாண்டுகளாக அவர்கள் எல்லை கடந்து வணிகம் செய்தவர்கள். கோடையில் பனி உருகிக் கணவாய்கள் திறந்ததும், ஆடுகளின் முதுகில் சிறு பொதிகளைக் கட்டி, தானியம், வெல்லம், துணி ஆகியவற்றைத் திபெத்துக்குக் கொண்டுபோவார்கள். உப்பும் வெண்காரமும் கம்பளியும் திரும்பி வரும். பள்ளத்தாக்கின் உச்சியில் வாழ்ந்த மார்ச்சா பிரிவினரின் முதன்மைத் தொழில் இந்த வணிகம். கீழே வாழ்ந்த தோல்ச்சாக்களுக்கு விவசாயமும் ஆடு வளர்ப்பும் அதோடு சேர்ந்த வணிகமும்.

கணவாயைக் கடந்தவர்கள் ஆண்கள் என்பதால் இந்த வணிகம் ஆண்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால், வந்த கம்பளியை ஆய்ந்து, கழுவி, நூற்று, தறியில் நெய்து, விற்கக்கூடிய பொருளாக மாற்றியவர்கள் பெண்கள். விரிப்புகளும் கனத்த போர்வைகளும் சால்வைகளும் அவர்கள் கைகளிலிருந்து வந்தன. நடக்கும்போதும் ஆடு மேய்க்கும்போதும் பேசிக்கொண்டிருக்கும்போதும் கதிர் சுழன்றுகொண்டே இருக்கும். ஆண்கள் பல மாதங்கள் வழிநடையில் இருந்தபோது வயல் பெண்களின் பொறுப்பு. பாப்பரையும் பார்லியும் தண்டுக்கீரை விதையும், பிற்காலத்தில் உருளைக்கிழங்கும் ராஜ்மாவும் விளைந்த அந்தச் சிறு படிக்கட்டு வயல்களில் ஏர் ஓட்டுவது தவிர மற்ற பெரும்பாலான வேலைகளை அவர்களே செய்தார்கள். ஆடுகளுக்குத் தழை, மாடுகளுக்குத் தீவனம், அடுப்புக்கு விறகு, வயலுக்கு இலைமக்கு, மருந்துக்கு மூலிகை எல்லாம் காட்டிலிருந்து வந்தன. சுமந்துவந்தவையும் அவர்கள் முதுகுகள்தாம்.

1962இல் போர் வந்தது, எல்லை மூடப்பட்டது. ஒரே பருவத்தில் அந்தப் பள்ளத்தாக்கின் பொருளாதாரத்தில் பாதி போயிற்று. உப்பும் திபெத்தியக் கம்பளியும் நின்றன. பொதி சுமந்த ஆட்டு மந்தைகளுக்கு வேலை இல்லாமல் போனது. ராணுவம் வந்தது, அதற்காகச் சாலைகள் வந்தன, சாலைக்காகவும் முகாம்களுக்காகவும் நிலங்கள் எடுக்கப்பட்டன. ஆண்கள் கூலி வேலைக்கும் ராணுவத்துக்கும் சமவெளிக்கும் போகத் தொடங்கினார்கள். மிச்சமிருந்த பிழைப்பு மூன்று: கொஞ்சம் வயல், கொஞ்சம் ஆடு, காடு. மூன்றிலும் அன்றாட வேலை பெண்களுடையது. வணிகத்தின் இடத்தைக் காடு நிரப்பவேண்டியிருந்த அந்தக் காலத்தில்தான், புதிய சாலைகள் வழியே மரக் காண்டிராக்டர்களும் மேலே வந்தார்கள்.

*

கௌரா தேவியின் வாழ்க்கையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 1925இல் பக்கத்து ஊரான லாதாவில் பிறந்தவர். சிறுமியாகவே திருமணமாகி ரைணிக்கு வந்தார். 22 வயதில் கணவர் இறந்தபோது கையில் ஒரு சிறு ஆண் குழந்தை. பள்ளிக்கூடம் போனதில்லை. வயலைப் பார்த்துக்கொண்டு, கம்பளித் தொழிலையும் நடத்தி, மகனை வளர்த்து ஆளாக்கினார். மகன் தலையெடுத்துத் திபெத் வணிகத்துக்குப் போகத் தொடங்கிய சில காலத்தில் எல்லையே மூடப்பட்டது.

விதவையான இளம்பெண் ஒருத்தி நிலத்தில் உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றலாம். நிலம் அவள் பெயருக்கு வருவது வேறு விஷயம். உத்தரப் பிரதேசத்தின் ஜமீன்தாரி ஒழிப்புக்குப் பிந்தைய நிலச் சட்டம், விவசாய நிலத்துக்கு ஆண்வழி ஆண் சந்ததியை முதல் வாரிசாக வைத்தது. மனைவி அதற்குப் பிறகு. மகள் இன்னும் பின்னால். எனவே 1974இல் இழப்பீட்டுப் பட்டியலைப் பார்த்து ஆட்களை அழைத்தபோது அரசுக்கு ஆண்களின் பெயர்களே கிடைத்தன. இதில் சதி இருந்ததா, தற்செயலா என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள். சதியே என்றாலும், அந்தச் சதி பலிப்பதற்கு ஒரு முன்நிபந்தனை தேவைப்பட்டது. ஊரின் உரிமையாளர்களை அப்புறப்படுத்திவிட்டால் ஊரே அப்புறமானதற்குச் சமம் என்ற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையை அன்று காலை யாரும் புதிதாக உருவாக்கவில்லை. அது பட்டாவிலேயே எழுதப்பட்டிருந்தது.

1970 ஜூலையில் அலக்நந்தா நதியில் பெருவெள்ளம் வந்தது. மேலே காடு அழிந்தால் கீழே மண் சரியும் என்பது அந்த மக்களுக்கு அப்போது தெளிவாகப் புரிந்தது. 1973 ஏப்ரலில் மண்டல் கிராமத்தில், விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஒன்றுக்கு ஒதுக்கப்பட்ட மரங்களைக் காக்க முதல் போராட்டம் நடந்தது. உழவுக் கருவி செய்ய மரம் கேட்ட உள்ளூர்க் கூட்டுறவுக்கு மறுக்கப்பட்ட மரங்கள் அவை. சண்டி பிரசாத் பட்டின் தசோலி கிராம சுயராஜ்ய அமைப்பு அதை முன்னின்று நடத்தியது. ரைணிப் பகுதியில் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த கோவிந்த் சிங் ராவத் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கௌரா தேவி ரைணியின் மகிளா மங்கள் தளத்துக்கு, அதாவது ஊர்ப் பெண்கள் சங்கத்துக்கு, தலைவியாக இருந்தார். 1974 தொடக்கத்தில் ரைணிக் காட்டின் ஏறத்தாழ 2,500 மரங்கள் ஏலம் போயின.

அன்று கூலியாட்கள் போவதை ஒரு சிறுமி பார்த்து ஓடிவந்து சொன்னாள். அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் கிளம்பினார்கள். சிறுமிகளும் கூடச் சென்றார்கள். மொத்தம் 27 பேர் என்று சொல்லப்படுகிறது. கூலியாட்களிடம் அவர்கள் முதலில் கெஞ்சிப் பார்த்தார்கள். அவர்களும் ஏழைகள் என்பதால் சமாதானமாகவே பேசினார்கள். குடித்திருந்த ஒருவர் துப்பாக்கியைக் காட்டி மிரட்டியபோது கௌரா தேவி முன்னால் வந்து நின்றார். கூலியாட்கள் பின்வாங்கியபின், காட்டுக்குப் போகும் வழியில் ஓடையைக் கடக்க இருந்த பாதையைப் பெண்கள் உடைத்துப்போட்டார்கள். இரவெல்லாம் காவல் இருந்தார்கள். ஆண்கள் திரும்பி வந்தபோது செய்தி காத்திருந்தது.

அவர் அப்போது பேசியதில் எல்லோரும் எடுத்துச் சொல்லும் ஒரு சொல் உண்டு. காடு எங்கள் ‘மாய்கா’ என்றார். தாய்வீடு. இதை ‘காடு எங்கள் தாய்’ என்று மாற்றி எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. தாய்வீடு என்றால் என்ன என்று தமிழ்ப் பெண்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. கையில் ஒன்றும் இல்லாதபோது போய் நிற்கக்கூடிய இடம். அரிசியோ பருப்போ கேட்காமல் எடுத்து முந்தானையில் முடிந்துகொள்ளக்கூடிய இடம். அதே சமயம், உறவு உண்டே தவிரப் பத்திரத்தில் பங்கு இல்லாத இடம். அண்ணன் தம்பி விற்க முடிவு செய்துவிட்டால் மகள் ஒன்றும் சொல்லமுடியாத இடம். தமிழ்நாட்டில்கூட, பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் சட்டம் 1989இல்தான் வந்தது. ரைணிப் பெண்களுக்குக் காடு அப்படித்தான் இருந்தது. அதைக் கொண்டு வாழ்ந்தார்கள். அதன்மேல் உரிமை இல்லை. அதை ஏலம் விட்டவர்கள் அவர்களைக் கேட்கவில்லை.

*

பட்டாவில் இல்லாதவர்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலாவது இருந்தார்களா? இருந்தார்கள், தலைகளாக. உழைப்பவர்களாக அல்ல.

1961 கணக்கெடுப்பில், விவசாயம் போன்ற பருவகால வேலையில் பருவத்தின் பெரும்பகுதி நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவரும் தொழிலாளராகக் கொள்ளப்பட்டார். 1971இல் கேள்வி மாறியது: ‘உங்கள் முதன்மையான செயல் என்ன?’ வீட்டு வேலையோடு வயல் வேலையும் செய்யும் பெண்ணிடம், பெரும்பாலும் அவள் வீட்டு ஆணிடம், இந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது ‘வீட்டில் இருக்கிறாள்’ என்பதே பதிலாயிற்று. நாடு முழுவதும் பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 1961இல் ஏறத்தாழ 28 விழுக்காடாக இருந்தது. 1971இல் ஏறத்தாழ 12 விழுக்காடு என்று பதிவானது. பத்தே ஆண்டுகளில் கோடிக்கணக்கான பெண்கள் வேலையை நிறுத்திவிடவில்லை. கேள்வி மாறியதும் வீழ்ச்சிக்கு ஒரு முக்கியக் காரணம். ரைணிப் பெண்கள் காட்டுக்குக் கிளம்பிய அதே 1974ஆம் ஆண்டின் டிசம்பரில், இந்தியப் பெண்களின் நிலை பற்றிய குழு ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அறிக்கையை முடித்தது. புல்ரேணு குஹா தலைமையில், வீணா மஜும்தாரைச் செயலராகக் கொண்ட அந்தக் குழு, பெண்களின் உழைப்பு ஏட்டிலிருந்து நழுவுவதையும் வேலையிலிருந்தே அவர்கள் வெளியேற்றப்படுவதையும் நாட்டின் முன்னால் வைத்தது.

1981இல் ‘முதன்மைத் தொழிலாளர்’, ‘குறுநிலைத் தொழிலாளர்’ என்று பிரித்தார்கள். ஆண்டில் 183 நாட்களுக்குக் குறைவாக வேலை செய்பவர் குறுநிலை. 1991இல், சம்பளம் இல்லாமல் குடும்ப வயலில் செய்யும் வேலையையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்ற குறிப்பு வினாவிலேயே ஏறியது. பெண் அறிஞர்களும் இயக்கங்களும் விடாமல் கேட்டுப் பெற்ற மாற்றம் அது. ஆனாலும், வீட்டுக்கு விறகு சுமப்பதும் தண்ணீர் எடுப்பதும் அந்தக் கணக்கில் இன்றும் வேலை ஆகவில்லை. நாட்டின் எந்தக் கிராமத்தின் கணக்கெடுப்பு அட்டவணையை எடுத்தாலும் ஒரே வகைக் கட்டங்கள்தாம்: மொத்த மக்கள், ஆண், பெண், பழங்குடியினர், எழுத்தறிந்தோர், விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், மற்றவை, வேலை செய்யாதோர். கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களில் பெரும்பான்மை யார் என்று பாருங்கள். மலைக்கிராமத்தில் விடியுமுன் எழுந்து காட்டுக்குப் போகிற பெண்ணும் அங்கேதான் இருப்பாள்.

ஒரு காட்டை ஏலம் விடும்போது, மரத்தின் விலை தெரியும். அந்தக் காடு இல்லாமல் போனால் ஒரு பெண் விறகுக்காகக் கூடுதலாக நடக்கவேண்டிய மணிகளுக்கு விலை இல்லை. ஏனென்றால் அவள் ஏற்கெனவே நடந்த மணிகளே கணக்கில் இல்லை. 1974இல் பெண்கள் காட்டின் நடுவே போய் நின்றதன் பொருள் இதுதான்: ஏட்டில் இல்லாத ஒரு பொருளாதாரம், தான் இருப்பதாக நேரில் வந்து சொன்னது.

*

ரைணியின் வெற்றி உண்மையானது. அன்றைய முதல்வர் ஹேமவதி நந்தன் பகுகுணா, தாவரவியலாளர் வீரேந்திர குமார் தலைமையில் ஒரு குழு அமைத்தார். அதன் முடிவின்படி, 1976இல் ரைணிக் காட்டிலும் அலக்நந்தாவின் மேல் நீர்ப்பிடிப்பில் ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீட்டரிலும் 10 ஆண்டுகளுக்கு மரம் வெட்டத் தடை வந்தது.

ஆனால், ‘யார் பிழைப்புக்காக’ என்ற கேள்வி மெல்ல மறைந்து, ‘காடு காப்பாற்றப்பட்டது’ என்ற வாக்கியம் மட்டும் நின்றது. 1982இல் நந்தாதேவி தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டு உட்பகுதி மூடப்பட்டது. வரையறையற்ற மலையேற்றமும் குப்பையும் அதற்கு முக்கியக் காரணங்கள். மூடப்பட்டபோது மலையேறிகளோடு சேர்த்து லாதா, ரைணி மக்களும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். மேய்ச்சல் நிலம் போனது, மூலிகை போனது, மலையேறிகளுக்குச் சுமை தூக்கிக் கிடைத்த கூலியும் போனது. ஆடு குறைந்தால் கம்பளி குறையும், கம்பளி குறைந்தால் தறி நிற்கும். 1988இல் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1998 ஜூலையில் லாதாவிலிருந்து ஊர் மக்கள் தடையை மீறி உட்பகுதிக்குள் நடந்தார்கள். ‘பாய்ந்து பறிப்போம்’ என்ற பொருளில் அந்தப் போராட்டத்துக்குப் பெயரிட்டார்கள். காட்டைக் காத்ததற்காகப் புகழப்பட்ட மக்கள், அதே காட்டுக்குள் போக அத்துமீறவேண்டியிருந்தது.

பெண்ணிய ஆய்வுகளுக்குள்ளும் இது பெரிய விவாதமானது. வந்தனா சிவா 1988இல் வெளியான தம் நூலில் சிப்கோவை, இயற்கையோடு பெண்களுக்குள்ள உயிர்ப்பான உறவின் அடையாளமாகக் கண்டார். பீனா அகர்வால் 1992இல் இதற்கு மறுப்பு எழுதினார்: உறவு பிறப்பால் வருவதில்லை, வேலைப் பிரிவினையாலும் சொத்துரிமையாலும் வர்க்கத்தாலும் சாதியாலும் வருகிறது. அதே சமோலி மாவட்டத்தின் டோங்கிரி பைந்தோலி கிராமத்தில் 1980இல் நடந்தது அவர் பக்கமே சாய்கிறது. அங்கே ஓக் காட்டை வெட்டக் கொடுத்துவிட்டுச் சாலை, மின்சாரம், பள்ளி, மருத்துவமனை பெறலாம் என்று ஊர் ஆண்கள் சம்மதித்தார்கள். பெண்கள் எதிர்த்து நின்று காட்டைக் காத்தார்கள். அதே ஊர், அதே சாதி, அதே வீடு. ஆனால் காடு போனால் யாருடைய நடை நீளும் என்பது வீட்டுக்குள்ளேயே வேறுபட்டது.

பெண்களை இயற்கையின் மகள்களாக்கிவிட்டால் அவர்களுக்குச் சம்பளமோ பட்டாவோ குழுவில் இடமோ தரவேண்டியதில்லை. சிலை வைத்தால் போதும். கௌரா தேவி 1991 ஜூலையில் இறந்தார். ரைணியில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

*

2021 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை காலை. ரோண்டி சிகரத்திலிருந்து பெரும் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்து ரிஷிகங்கையில் வெள்ளமாக இறங்கின. ரைணியில் கட்டப்பட்டிருந்த 13.2 மெகாவாட் நீர்மின் நிலையம் அடித்துச்செல்லப்பட்டது. கீழே தபோவனத்தில் கட்டப்பட்டுவந்த 520 மெகாவாட் திட்டத்தின் சுரங்கத்தில் தொழிலாளர்கள் சிக்கினார்கள். இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 200 பேருக்கு மேல். ரைணியின் பாலம் போனதால் மேலே இருந்த 13 கிராமங்கள் துண்டிக்கப்பட்டன. மின்திட்டத்தின் வெடிவைப்புக்கும் மற்ற மீறல்களுக்கும் எதிராக ரைணி மக்கள் 2019இலேயே நீதிமன்றம் போயிருந்தார்கள். வெள்ளத்துக்குப் பின் வந்த இரவுகளில், பயந்துபோன ஊர் மக்கள் ஊருக்கு மேலே ஏறிக் காட்டில் தங்கினார்கள். மூத்த பெண்கள் காத்துக்கொடுத்த காடு அது.

அதே பிப்ரவரியில் உத்தராகண்ட் அரசு, கணவரின் பூர்வீக நிலத்தில் மனைவிக்குக் கூட்டுரிமை தரும் அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆண்கள் ஊரைவிட்டு வேலைக்குப் போக, நிலத்தில் உழைக்கும் பெண்கள் பெயரில் ஆவணம் இல்லாததால் கடன்கூட வாங்கமுடியவில்லை என்பது அரசே சொன்ன காரணம். 1974இல் சமோலிக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியலில் இருந்த இடைவெளியை அரசு ஏட்டில் ஒப்புக்கொள்ள 47 ஆண்டுகள் ஆயின.

ஜூன் மாத மழையில் ரைணியின் அடிமண் அரித்துச் சாலை சரிந்தது, வீடுகளில் விரிசல் விட்டது. ஊரை வேறிடத்துக்கு மாற்றவேண்டும் என்று புவியியல் ஆய்வு சொன்னது. சாலை வேலைக்காகக் கௌரா தேவியின் சிலையைக் கழற்றி எடுத்துப்போனபோது பெண்கள் அழுதார்கள். ஜூலையில், மின்திட்டங்களின் அனுமதியை ரத்து செய்யக் கோரி ரைணிக்காரர்கள் உள்ளிட்ட ஐவர் தொடுத்த வழக்கை உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தங்களைச் சமூகச் செயற்பாட்டாளர்கள் என்று சொல்லிக்கொள்வதற்கு ஆதாரம் இல்லை என்று கூறி, ஒவ்வொருவரும் 10,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது.

ரைணியில் பிறந்து வாழ்கிறவர்களிடம், நீங்கள் யார் என்பதற்குச் சான்று கேட்கப்பட்டது. 1974இல் அந்த ஊரில் யாரும் இல்லை என்று நினைத்தவர்கள் கேட்டிருக்கக்கூடிய அதே கேள்விதான். அன்று 27 பேர் காட்டுக்குப் போய் நின்று பதில் சொன்னார்கள். இன்று இடம்பெயர்வைப் பற்றிப் பேசும்போது, புது ஊரில் வீட்டு மனை யார் பெயரில் எழுதப்படும், விறகுக்கும் தீவனத்துக்கும் எந்தக் காட்டில் எவ்வளவு உரிமை, கம்பளி நூற்கும் பெண்ணுக்கு ஆடு எங்கே மேயும் என்ற கேள்விகள் முதல் பக்கத்தில் இருக்கவேண்டும். அவை இல்லாத எந்தத் திட்டமும் அந்த ஊரை மறுபடி காலியான ஊராகவே எண்ணுகிறது.